அணையில் நட்ட கதியால்கள்

எங்கள் அணை உடைந்ததற்கு மழைதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. ஆனால் அந்த வருடம் பெய்தது வழக்கமான மாரிமழைதான். அதைவிடப் பெரிய மழையை அந்த அணை எத்தனையோ தடவை கண்டிருக்கிறது. அது உடைந்தது அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஓட்டைகளால். அந்த ஓட்டைகளைப் போட்டவன் நான். போட வைத்தவர் வேறொருவர் என்றாலும் அலவாங்கு பிடித்தது என் கை.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து உரும்பிராயில். செம்மண் காணி, வெங்காயத் தோட்டம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் இறங்கியவன். கல்யாணம் செய்து வந்த ஊர் கடல்நீரேரிக் கரையில் இருக்கிறது. மனைவிக்குச் சீதனமாக வந்தவற்றில் ஒன்று ஒரு பள்ளக்காணி. இருபது பரப்புக்குக் கொஞ்சம் கூட, ஒன்றேகால் ஏக்கர் வரும். வெங்காயம் வராது, நெல்லும் சரியாக வராது. கடல்பக்கம் முழுவதும் என் மாமனார் களிமண்ணால் ஒரு அணை கட்டியிருந்தார், உவர்த்தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்கவும் மழைத்தண்ணீர் வெளியே ஓடாமல் இருக்கவும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் ஒரு பீடி முடிகிற நீளம். நெல் செய்யத்தான் கட்டினார். நெல் கைவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் மட்டும் நின்றது.

தண்ணீர் நின்றதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. விரால் வந்தது. திலாப்பியா யார் கொண்டுவந்து விட்டதோ தெரியாது, அதுவும் வந்தது. நடுவில் நிற்கிற தில்லை மரப் பற்றைகளில் மாரி தொடங்கியதும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும். சுற்றிவரத் தண்ணீர் நிற்பதால் நாயோ நரியோ அங்கே போக முடியாது. கூழைக்கடாக்கள் வந்து ஒரு ஓரமாகப் பெரிய மனிதர்கள் மாதிரி நிற்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு தடவை தூரக்கண்ணாடியோடு வந்து பார்த்துவிட்டு, இது யாருடைய குளம் என்று கேட்டார்கள். எங்கடை என்று சொன்னேன். அரசாங்கத்தின் குளம் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை. கோயில் கேணி? அதுவும் இல்லை. அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. சொந்தமாக இருப்பதில் இருக்கிற கஷ்டம் எனக்கு அப்போது தெரியாது.

நான் ஆட்களோடு கதைக்கிற மனிதன் இல்லை. சந்தையில்கூட மனைவிதான் விலை பேசுவாள். நான் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சைக்கிள் அருகே நின்றுகொள்வேன். அந்தக் காணியில் என்னோடு யாரும் கதைப்பதில்லை. அதனாலும் எனக்கு அது பிடிக்கும். காலையில் போய் அணையைச் சுற்றி நடப்பேன். நண்டு துளைத்த இடத்தை மிதித்து அடைப்பேன். மாடு ஏறிச் சரித்த இடத்தில் ஒரு கடகம் மண் போடுவேன்.

மண் அணை வேலி மாதிரி நேராக நிற்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் மேலே கொஞ்சம் குறையும், அடியில் கொஞ்சம் அகலும். வருடக் கணக்கில் அப்படி அகன்று அகன்று, எங்கள் அணையின் அடி வெளிப்பக்கத்தில் மூன்று அடி தூரத்துக்கு இறங்கிவிட்டது. அணைக்கும் கடல்நீரேரிக்கும் இடையில் ஒரு தென்னங்காணி இருக்கிறது. அது ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபருடையது. காணியின் மேட்டுப்பக்கத்தில் அவருடைய வீடு. ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான்.

அந்த ஆவணியில் அணையின் வெளிச்சரிவு இரண்டு இடத்தில் வழுகத் தொடங்கியது. மண் போட்டால் நிற்கவில்லை. வேர் இருந்தால் பிடிக்கும் என்று நினைத்தேன். பூவரசங் கம்புகளை ஆள் உயரத்துக்கு வெட்டி நட்டால் தளிர்த்து வேர்விடும். எங்கள் வேலிகளெல்லாம் அப்படி நட்ட கதியால்கள்தானே. நூற்றுக்கு மேல் வெட்டிக் கட்டி, லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு போனேன். சரிவின் அடியில் இரும்பு அலவாங்கால் குத்தித் துளை போட்டு, இரண்டு முழத்துக்கு ஒன்றாக நட்டேன்.

பிழை அங்கேதான் நடந்தது. நான் கயிறு பிடித்து நட்டேன்.

வெங்காயக்காரனுக்குக் கயிறு பிடிக்காமல் ஒன்றையும் நடத் தெரியாது. இந்த முனையில் ஒரு தடி, அந்த முனையில் ஒரு தடி, இடையில் கயிறு. ஒரே நேராக, ஒரே இடைவெளியில். நட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணல்மாணலாக நட்டிருந்தால் ஒரு மனிதரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். யாழ்ப்பாணத்தில் ஒருவன் அடுத்தவன் காணி ஓரத்தில் கயிறு பிடித்துக் கதியால் நட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதுவும் மாஸ்டர் பக்கம் மூன்று அடி தள்ளி.

ஒவ்வொரு நாளும் வாளியால் தண்ணீர் ஊற்றினேன். புரட்டாசி முடிவில் கதியால்கள் தளிர்த்துவிட்டன. வழுகல் நின்றுவிட்டது. மாஸ்டர் தன் வீட்டு விறாந்தையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள்கூட வந்து கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. அவரைக் கண்டால் தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார். நல்ல அயலவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் பெட்டிசம் வந்தது. கதைப்பதைவிடப் பெட்டிசம் எழுதுவது மாஸ்டருக்கு லேசு. வீதி விளக்கு எரியவில்லை என்றால் ஒரு பெட்டிசம், கோயில் ஒலிபெருக்கி சத்தம் என்றால் ஒன்று. இந்த முறை எல்லை மீறி வேலி அடைத்ததாக எழுதியிருந்தார். கிராமத்துக்குப் பொறுப்பான அதிகாரி, விதானையார், விசாரிக்க வந்தார். விதானையார் என்றால் இப்போது ஒரு பெண் பிள்ளை, ஸ்கூட்டியில் வருகிறவர். மனைவி அன்று சந்தைக்குப் போயிருந்தாள். வழியால் போன இரண்டு மூன்று பேரும் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"கதியால் நட்டது நீங்கள்தானே அண்ணை?" என்று விதானையார் கேட்டார்.

"ஓம்."

"கயிறு பிடிச்சோ நட்டது?" இது மாஸ்டர்.

"ஓம்."

"கேட்டீரே பிள்ளை? கயிறு பிடிச்சு நட்டால் அதுக்கு என்ன பேர்? உவர் என்ன அழகுக்கோ கயிறு பிடிச்சவர்?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அணை வழுகியது, வேர் பிடிக்க வேண்டும், எல்லைக்காக நடவில்லை, வேண்டுமென்றால் இந்த மூன்று அடியும் உங்களுடையது என்று நானே எழுதித் தருகிறேன், மரம் மட்டும் நிற்கட்டும் - இவ்வளவும் எனக்குள் வரிசையாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"மண்ணுக்காகத்தான்..." என்றேன்.

"பாத்தியளே! அவரே சொல்லுறார். மண்ணுக்காகத்தான் தம்பி, உலகத்திலை எல்லாச் சண்டையும்!" என்றார் மாஸ்டர்.

திரும்பவும் சிரிப்பு. விதானையார் நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்து, "வேறை என்னவும் சொல்ல இருக்கோ அண்ணை?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். ஏன் அப்படி ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல்தான்.

ஏழு நாளுக்குள் கதியால்களை எடுத்துவிடுவதாக ஒரு கடிதம். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க எழுத்துக் கூட்டி வாசிக்க வெட்கமாக இருந்தது. கையெழுத்தை வைத்துவிட்டேன்.

மனைவி சந்தையால் வந்து விஷயத்தைக் கேட்டதும் கடகத்தைப் போட்டாள்.

"காணி ஆற்றை பேரிலை?"

"உம்மடை பேரிலை."

"உறுதிப் பத்திரம் என்ரை பேரிலை, கையெழுத்து உங்கடையோ? ஆர் உங்களை வைக்கச் சொன்னது? வாங்கோ, இப்பவே போவம். அந்தாளின்ரை விறாந்தையிலை வைச்சுக் கேக்கிறன்."

அவளைப் போக விட்டிருக்கலாம். அவள் போயிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நான்தான் வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றேன். சண்டை வேண்டாம், ஊர் சிரிக்கும், கதியால்தானே, பிடுங்கினால் போச்சு என்றேன்.

"ஊர் இப்பவும் சிரிச்சுக்கொண்டுதானே நிக்குது," என்றாள்.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டே, "பிடுங்காதேங்கோ. நிலத்தோடை வெட்டி விடுங்கோ. வேர் உள்ளுக்கை கிடக்கட்டும்," என்றாள். நல்ல யோசனை. கத்தியை எடுத்துக்கொண்டு போய் மூன்று கதியாலை வெட்டினேன். நாலாவதில் கை வைக்கும்போது மாஸ்டர் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, குடையோடு.

"அடி கிடந்தால் திரும்பத் தளிர்க்குமெல்லே தம்பி? பூவரசைப் பற்றி உமக்கு நான் சொல்லித் தரவேணுமே? பிடுங்கும்."

தளிர்க்கத்தான் வேண்டும், அதற்குத்தான் நட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தியை வைத்துவிட்டு அலவாங்கை எடுத்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு, கடைசிக் கதியால்வரை நின்றார். ஒவ்வொன்றையும் நெம்பி இழுக்க, வேரோடு ஒரு கைப்பிடி, இரு கைப்பிடி களிமண்ணும் சேர்ந்து வந்தது. இரண்டு மாதத்தில் அவ்வளவு வேர் விட்டிருந்தது. மூன்று அடி இடத்துக்காக அந்த மனிதர் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு நின்றார். அணைக்காக நான் ஒரு வசனம் பேசவில்லை.

துளைகளையெல்லாம் புதுக் களி போட்டு இடித்து அடைத்தேன். பழைய மண்ணோடு புது மண் ஒட்டாது. காய்ந்தால் சுருங்கிக் கழன்று நிற்கும், நனைந்தால் கூழாகும். அது எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல்தான் செய்தேன்.

கார்த்திகையில் குளம் நிரம்பியது. தில்லைப் பற்றை முழுவதும் கூடு. மார்கழியில் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்துவது அணையில் நின்றால் கேட்கும். நான் காலையும் மாலையும் வெளிச்சரிவைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். துளைகள் இருந்த வரிசையில் ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. கயிறு பிடித்த மாதிரி ஒரே நேராக.

மூன்று நாள் விடாமல் பெய்த மழையின் கடைசிக் காலையில், பத்து மணியளவில், என் கண் முன்னாலேயே அது போனது. சத்தம் பெரிதாக இல்லை. சரிவில் ஒரு பாய் அகலத்துக்கு மண் இறங்கியது. அந்த இடத்தில் தண்ணீர் கலங்கலாக வந்தது. நான் உரப்பையில் மண் நிரப்பிக்கொண்டு ஓடினேன். முதல் பையைப் போட்டேன், அது பையோடு போனது. இரண்டாவது பையைத் தூக்கும்போது நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அணை வாயைத் திறந்துவிட்டது. பிறகு பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை.

தண்ணீர் மாஸ்டரின் காணியைக் கிழித்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. அவர் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளில் ஏழெட்டைக் கொண்டுபோனது. திலாப்பியா அந்தக் காணி முழுவதும் துள்ளியது. அரை மணித்தியாலத்தில் ஊரே கடகத்தோடு வந்துவிட்டது. பொறுக்கினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணைக்கும் ரண்டு விரால் எடுத்து வைச்சிருக்கிறன், பேந்து வந்து வாங்குங்கோ," என்றார். என் குளத்து விராலை எனக்கே தருகிறார். கோபப்படவும் முடியவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

அடுத்த இரண்டு நாளும் உதவி கேட்டு அரசாங்கக் கந்தோர்களில் போனது. இம்முறை மனைவிதான் கதைத்தாள். ஒரு கந்தோரில் குளம் தங்கள் பதிவில் இல்லை என்றார்கள். இன்னொன்றில் பறவைகள் என்றால் வேறு திணைக்களம் என்றார்கள். அந்தத் திணைக்களத்தில் தனியார் காணிக்குள் தாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். "அப்ப அந்தப் பறவையளை அரசாங்கக் காணியிலை போய் இருக்கச் சொல்லட்டோ?" என்று மனைவி கேட்டாள். மேசையில் இருந்தவர் சிரித்தார். சிரித்துவிட்டு, தனியார் காணி அம்மா என்று திரும்பவும் சொன்னார்.

கடைசியில் விவசாயம் பார்க்கிற கமநலக் கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து பார்த்தார். உடைப்புக்குள் இறங்கி மண்ணைக் கையில் எடுத்து உருட்டினார். வேலை தெரிந்தவர் என்று எனக்கு விளங்கியது. துளைகளைக் காட்டினேன்.

"இதென்ன?"

"கதியால் நட்டுப் பிடுங்கினது."

"மண் அணையிலை மரம் நடுறதே பிழை. வேர் செத்தால் அதுவே தண்ணிக்கு வழி. நடாமலே விட்டிருக்கவேணும் நீங்கள்."

மாஸ்டர் அவருக்குப் பின்னால் நின்றார். "அதைத்தான் நானும் அண்டைக்குச் சொன்னனான்," என்றார். அவர் அன்றைக்கு அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேரைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. ஆனால் உத்தியோகத்தர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். உத்தியோகத்தர் சொன்னது சரியாக இருக்கலாம். மரம் செத்திருந்தால் பத்து வருடத்தில் உடைந்திருக்கலாம். இப்போது உடைந்தது உயிரோடு நின்ற மரத்தைப் பிடுங்கியதால். இந்த இரண்டு வசனத்தையும் அன்றிரவு படுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்துச் சொன்னேன். மனைவி, "உதை அங்கை சொல்லியிருக்கவேணும்," என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

தென்னம்பிள்ளைகளுக்காக மாஸ்டர் இன்னொரு பெட்டிசம் போட்டார். அது இன்னும் நடக்கிறது.

உடைப்பை நானும் மனைவியும் உரப்பைகளை அடுக்கிக் களி போட்டு ஒரு மாதிரி மூடினோம். அதற்குள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. தில்லைப் பற்றையைச் சுற்றி வெறும் சேறு. நான் பயந்தது அதற்குத்தான். மீன் போனால் அடுத்த மாரிக்குத் திரும்ப வரும். கூட்டில் இருந்த குஞ்சுகளுக்கு இறகு முளைக்க இன்னும் இரண்டு மூன்று கிழமை வேண்டும். தண்ணீர் போன இரண்டாம் நாளே நாய்கள் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. ஐந்து நாய்கள். தாழ்ந்த கிளைகளுக்குப் பாய்ந்து, கூட்டோடு இழுத்து விழுத்தின. சேற்றில் விழுந்த குஞ்சு எழும்பாது.

நான் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் காலை முதல் பொழுதுபடும்வரை அணையில் நின்று நாய்களை விரட்டினேன். கல் எறிந்தால் கூட்டில் படும். அதனால் கத்தத்தான் வேண்டும். முதல் நாள் சத்தமே சரியாக வரவில்லை. என் வாழ்நாளில் நான் உரத்துக் கத்தியது இல்லை. இரண்டாம் நாள் வந்தது. "அடீக்! போ! போ!" என்று நான் கத்த, வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவர், "அண்ணைக்குத் தொண்டை இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்," என்றார். பொழுதுபட்ட பிறகு நரி வருமோ என்ற யோசனையோடுதான் வீட்டுக்குப் போவேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மாஸ்டர் வந்தார். குடை இல்லை. சேறு நிறைந்த தன் காணியால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"என்ன தம்பி, விடிஞ்சால் பொழுதுபட்டால் கத்திறீர்? மனுசர் பத்திரிகை வாசிக்கிறேல்லையே? சத்தத்துக்கும் நான் ஒண்டு எழுதவேணுமோ?"

எனக்குள் எல்லாம் திரண்டு வந்தது. கயிறு, வேர், மூன்று அடி, அலவாங்கு, அவர் குடைபிடித்து நின்ற மத்தியானம், உத்தியோகத்தருக்குப் பின்னால் நின்று சொன்ன பொய். மாதக் கணக்காகப் படுக்கையில் கிடந்து அடுக்கி வைத்த வசனங்கள். தொண்டையும் இப்போது திறந்திருந்தது. ஒரு நாய் பற்றைக்கு அடியில் முன்காலை வைத்தது. வெள்ளை நாய், கழுத்தில் நீலப் பட்டி.

"மாஸ்டர், உங்கடை நாயைக் கட்டுங்கோ!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான் வந்தது. அவர் திடுக்கிட்டுப் போனார். நாயைப் பார்த்தார், பற்றையைப் பார்த்தார். சேற்றில் கிடந்த இறகுகளைப் பார்த்தார்.

"இது எங்கடையோ?"

"ஓம். உங்கடைதான். ஆறு நாளா வருது."

"அதை நீர் முந்தியே சொல்லியிருக்கலாமே. நான் என்ன காட்டிலையே இருக்கிறன்? வாயிருக்குத்தானே தம்பி உமக்கு," என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து அந்தச் சேற்றில் தள்ளவேண்டும் போலவும் வந்தது. சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை. அவர் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது வரவில்லை. செருப்பைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியோடு சேற்றில் இறங்கி, பட்டியில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிறகு அந்த நாயை நான் அங்கே காணவில்லை.

மற்ற நாலும் கட்டாக்காலி நாய்கள். அவற்றைக் கட்டச் சொல்ல யாரும் இல்லை. தைப்பொங்கல் அன்றும் நான் அணையில்தான் நின்றேன். மனைவி பொங்கலைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து தந்துவிட்டு, நான் சாப்பிடுகிற நேரம் தான் நின்று கத்தினாள். மேல்கிளைகளில் இருந்த கூடுகளில் ஒன்பது குஞ்சுகள் பறந்து போயின. கீழ்க்கிளைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.